பொன்னாடை போர்த்தினால் கை எப்படிப் பேசும்?

2023 ஜூலை 19 அன்று ஜனாதிபதி ராமபோசா கையெழுத்துப் போட்டதும் தென்னாப்பிரிக்க சைகை மொழி இந்த நாட்டின் 12வது ஆட்சிமொழி ஆனது. அதற்குப் பிறகு நடந்த எங்கள் கோயில் சங்கக் கூட்டத்தில் ஒரு பேச்சு எழுந்தது. காது கேளாதவர்களுக்காக இத்தனை காலம் உழைத்தவர்களைக் கூப்பிட்டு மரியாதை செய்ய வேண்டும், அதுவும் காது கேளாதோர் விழிப்புணர்வு மாதமான செப்டம்பரிலேயே செய்துவிட வேண்டும் என்றார்கள். டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம் இருக்கிறோம். ஏற்பாட்டுக் குழுவில் நானும் இருந்தேன். உங்கள் ஊரில் இப்படி ஒன்றை நடத்த நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

யாரைக் கௌரவிப்பது என்பதுதான் முதல் வேலை. குழு போட்ட பட்டியலில் காதுக் கருவிக்குப் பணம் கொடுத்த வியாபாரிகள், டாக்டர்கள், ஒரு கவுன்சிலர் என்று பெயர்கள் இருந்தன. எல்லோரும் நல்லவர்கள்தான், கொடுத்த கையைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. என் அக்கா மகன் பிறவியிலேயே காது கேளாதவன், வி. என். நாயக் பள்ளியில் படித்தவன். பட்டியலை அவனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "சித்தி, எங்களுக்கு யார் துணை நின்றார்கள் என்று எங்களிடம் கேட்டால் என்ன?" என்று பதில் வந்தது.

கேட்டோம். அவனும் நண்பர்களும் உட்கார்ந்து பேசி நாலு பேரைச் சொன்னார்கள். விடுதியில் பிள்ளைகளைத் தாய் போலப் பார்த்துக்கொண்ட, இப்போது ஓய்வு பெற்றுவிட்ட ஒரு அம்மா. காது கேளாத பெற்றோருக்குப் பிறந்து, சின்ன வயதிலேயே அவர்களோடு வங்கிக்கும் கிளினிக்குக்கும் போய்ப் பேசிப் பழகி, இன்று மொழிபெயர்ப்பாளராக இருக்கும் ஒரு பெண். அரசு கிளினிக்கில் வேலை நேரம் முடிந்தும் காதுக் கருவி சரியாகப் பொருந்தக் குழந்தைகளின் காதுக்கு அச்சு எடுத்துக்கொடுத்த செவித்திறன் நிபுணர். அப்புறம், தனக்கே காது கேளாத ஒரு அக்கா. போலீஸ் ஸ்டேஷன், கோர்ட், அடையாள அட்டை அலுவலகம் என்று யார் கூப்பிட்டாலும் கூடப் போய், "மொழிபெயர்ப்பாளர் வராமல் இவர் கையெழுத்துப் போட மாட்டார்" என்று எழுதிக் காட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார். எங்கள் பட்டியலில் இந்த நாலு பேரில் ஒருவர்கூட இல்லை. சங்கத் தலைவர் மாமா இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு, "சரி, பிள்ளைகள் சொன்னதே இருக்கட்டும்" என்று பழையதை மடித்து வைத்துவிட்டார்.

இவர்கள் வேலையை ஆரம்பித்தபோது கைகொடுக்கச் சட்டம் அதிகம் இல்லை. 1996 பள்ளிச் சட்டம் சைகை மொழியில் படிக்கலாம் என்றது. ஆனால் அதையே ஒரு பாடமாகப் படிக்கும் பாடத்திட்டம் 2015ல்தான் பள்ளிக்கு வந்தது, பள்ளி இறுதித் தேர்வான மெட்ரிக்கில் முதலில் எழுதியது 2018ல். அதற்கு முன்னால் முடித்த என் அக்கா மகனுக்கு, தன் சொந்த மொழியில் பரீட்சை எழுதும் வாய்ப்பே கிடைக்கவில்லை. 1999ல் வில்மா நியூஹட்-ட்ருக்கன் நாடாளுமன்ற உறுப்பினரானதை அவன் கூட்டாளிகள் இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். காது கேளாத ஒரு பெண் அங்கே போய் உட்கார்ந்தது அவர்களுக்கு அவ்வளவு பெரிய விஷயம்.

அடுத்து மொழிபெயர்ப்பாளர். கௌரவம் வாங்க வரும் பெண்ணையே மேடையில் வேலையும் செய்யச் சொல்லலாமா என்று ஒருவர் கேட்டார். கூடவே கூடாது, அன்றைக்கு அவர் விருந்தாளி. செப்டம்பரில் எல்லா இடத்திலும் நிகழ்ச்சி இருப்பதால் ஆள் கிடைப்பது கஷ்டம். ஒரு இடத்தில், தகுதிச் சான்று எதுவும் இல்லாத ஒருவரைக் குறைந்த விலைக்கு அனுப்புகிறோம் என்றார்கள். 2013 டிசம்பர் 10 அன்று மண்டேலாவின் நினைவுக் கூட்டத்தில் ஒபாமா பக்கத்தில் நின்று, சைகை மொழிபெயர்ப்பாளர் என்று வந்த ஒருவர் அர்த்தமில்லாமல் கையை ஆட்டியதை உலகமே பார்த்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். கடைசியில் தகுதி பெற்ற இரண்டு பேர் கிடைத்தார்கள். ஒருவரே தொடர்ந்து செய்தால் சீக்கிரம் களைத்துத் தவறு வரும், அதனால் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை மாறிக்கொள்வார்கள். செலவுக் கணக்கில் சாப்பாட்டுக்கும் மேலே அவர்கள் சம்பளத்தை எழுதுங்கள்.

அவர்களுக்குத் தமிழ் தெரியாது. கடவுள் வாழ்த்துப் பாடலின் பொருளை ஆங்கிலத்தில் எழுதி முன்கூட்டியே அனுப்பினேன். மேடைக்குப் பின்னால் நாங்கள் எப்போதும் கட்டும் ஜரிகைத் திரையும் பூ வளைவும் வேண்டாம் என்றார்கள், அதன் முன்னால் விரல்கள் தெரியாதாம். வெறும் கருநீலத் துணியைக் கட்டினோம்.

ஒத்திகையில்தான் பெரிய விஷயம் தெரிந்தது. காது கேளாத அந்த அக்காவுக்குப் பொன்னாடையை இழுத்துப் போர்த்தி, கழுத்தில் கனமான மாலை போட்டு, ஒரு கையில் பூங்கொத்து, மறு கையில் கேடயம் கொடுத்து, "இப்போது இரண்டு வார்த்தை பேசுங்கள்" என்றோம். அவர் எங்களைப் பார்த்தார், தன் கைகளைப் பார்த்தார். எங்கள் மரியாதை முழுக்க அவர் வாயை அடைப்பதாக இருந்தது. அதனால் முறையையே மாற்றினோம். முதலில் அவர் பேசுவார், பிறகுதான் பொன்னாடை. அதுவும் தோளில் மடித்துப் போட்டு உடனே எடுத்துவிட வேண்டும். கேடயத்தைப் பக்கத்து மேசையில் வைத்துவிட வேண்டும். மாலையே கிடையாது.

இன்னொரு கூட்டத்தையும் மறக்கக் கூடாது. வயதான பிறகு காது மந்தமான ஆயாக்களுக்கும் தாத்தாக்களுக்கும் சைகை மொழி தெரியாது. அவர்களுக்குப் பேச்சை உடனுக்குடன் தட்டச்சு செய்து திரையில் காட்டினோம், முன்வரிசை ஒதுக்கினோம், மின்விசிறிகளைக் குறைத்தோம். மேளத்தை ஒலிபெருக்கியில் போட்டால் காதுக் கருவிக்குள் அது இரைச்சலாகப் பாயும் என்பதால் மேளத்துக்கு மைக் வைக்கவில்லை.

புரட்டாசி சனிக்கிழமை பூஜைக்குக் குறுக்கே வரக் கூடாது என்று ஞாயிற்றுக்கிழமை வைத்தோம். லோட் ஷெடிங் என்ற முறை வைத்த மின்வெட்டு அடிக்கடி இருந்த சமயம் அது. இருட்டினால் காது கேட்பவர்கள் பேசிக்கொண்டிருக்கலாம், இவர்களுக்குப் பேச்சே நின்றுபோகும். இன்வெர்ட்டரில் ஒரு விளக்கை மொழிபெயர்ப்பாளர் மேல் திருப்பி வைத்திருந்தோம். நடுவில் கரண்ட் போனது, அந்த விளக்கு நின்று எரிந்தது, நிகழ்ச்சி தடைப்படவில்லை.

கௌரவிக்கும்போது எல்லோரும் இரு கைகளையும் தூக்கி அசைத்தோம், அதுதான் அவர்கள் கைதட்டு. விடுதி அம்மாவுக்கு அவர் வளர்த்த பிள்ளைகள் எழுந்து நின்று அசைத்தபோது நான் அழுதுவிட்டேன்.

காய்கறி பிரியாணியும் பருப்பும் பரிமாறும்போது அந்த அக்கா மொழிபெயர்ப்பாளரை அழைத்துக்கொண்டு தலைவர் மாமாவிடம் போனார். விழாவுக்கு நன்றி, ஆனால் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்திலும் மொழிபெயர்ப்பாளர் வேண்டும், எங்களில் பலர் சந்தா கட்டுகிறோம், கணக்கு வாசிக்கும்போது எதுவும் புரிவதில்லை என்றார். மாமா அங்கேயே பொருளாளரைக் கூப்பிட்டார். அந்தச் செலவு இப்போது ஆண்டு பட்ஜெட்டில் இருக்கிறது.