மப்பு வெளிச்சத்தில் வளவுக் குருவிகள்

ஐப்பசி, கார்த்திகையில் யாழ்ப்பாணத்து வானம் நாள் முழுக்க மூடிக் கிடந்தால் பலர் கமராவை அலுமாரிக்குள் வைத்துவிடுவார்கள். தேவையில்லை. உச்சி வெயிலில் தேன்சிட்டின் மஞ்சள் வயிறு வெளிறிப்போகும், தொண்டை கறுப்புத் திட்டாகிவிடும். மப்பில் இரண்டும் ஒழுங்காக வரும். படத்தைக் கெடுப்பது வெளிச்சக் குறைவைவிட, குருவிக்குப் பின்னால் தெரிகிற வெள்ளை வானம்தான்.

முருங்கை உச்சியில் இருக்கும் மாம்பழச்சிட்டைக் கீழிருந்து எடுத்தால் கமரா வானத்தை அளந்து குருவியை இருட்டாக்கிவிடும். எக்ஸ்போஷர் திருத்தத்தை (கமரா அளந்த வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) +1 முதல் +1.7 வரை ஏற்றினால் இறகு தெரியும். வானம் வெளுத்ததுதான் மிச்சம். ஆகவே கண்மட்டத்தில், பின்னால் பூவரசோ கிடுகு வேலியோ வருகிற மாதிரி நில்லுங்கள். பின்னணி இருட்டென்றால் கணக்கு மாறும்: 0 அல்லது −0.3 போதும், இல்லாவிட்டால் மஞ்சள் எரிந்துவிடும்.

செவ்வரத்தைக்கு ஒரு மீற்றர் தள்ளி, பென்சில் பருமனில் ஒரு காய்ந்த கொப்பைக் கட்டிவிடுங்கள். வேலி அதற்குப் பின்னால் நாலைந்து மீற்றர் தள்ளியிருந்தால் கலங்கலான நல்ல பின்னணி கிடைக்கும். தேன் குடித்து முடித்த சிட்டு அடிக்கடி இப்படியொரு கொப்பில் வந்திருந்து, அலகை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துடைக்கும். துடைத்து முடிந்ததும் ஒரு கணம் அசையாமல் இருக்கும். அப்போது நாலைந்து படம் தொடர்ச்சியாக அமத்துங்கள். முதல் படம் விரல் அசைவில் கலங்கினாலும் நடுப் படங்கள் கூராக வரும்.

கிணற்றடியை விடாதீர்கள். மப்பு வெளிச்சம் மேலிருந்தே விழுவதால் வயிறு இருண்டுபோகும். சீமெந்துத் தரை அந்த வெளிச்சத்தைக் கீழிருந்து திருப்பிக் கொடுக்கும். குளிக்க வருகிற கொண்டைக்குருவிக்கும் புலுனிக்கும் இதைவிட நல்ல இடமில்லை.

கிறொப் சென்சரில் (முழுச் சட்டகத்தைவிடச் சிறிய சென்சர்) 300 மி.மீ. லென்ஸ் என்றால் 4 மீற்றரில் 10 செ.மீ. சிட்டு படத்தின் அகலத்தில் மூன்றிலொன்று. 8 மீற்றரில் ஆறிலொன்று. வெட்டிப் பெரிதாக்கினால் புள்ளிப் புள்ளியாகத்தான் வரும். கிட்டப் போக வீட்டையே மறைவிடமாக்குங்கள்: யன்னலைத் திறந்து, அறை விளக்கை அணைத்து, கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கலாம். கண்ணாடிக்குள்ளால் எடுத்தால் கூர்மை போய்விடும்.

லென்ஸின் துவாரம் எஃப் 5.6, முழுக்கத் திறந்தபடி. 4 மீற்றரில் கூராகத் தெரியும் ஆழம் மூன்று, நான்கு சென்ரிமீற்றர்தான், எனவே ஒற்றைப் புள்ளி ஃபோகஸைக் கண்ணில் வையுங்கள். அமர்ந்த தேன்சிட்டுக்கு ஷட்டர் 1/250 செக்கன். வாலை ஓயாமல் ஆட்டும் தையல்சிட்டுக்கு 1/500. சிறகடிப்பை மாரியில் மறந்துவிடலாம். ஐ.எஸ்.ஓ.வை (சென்சரின் வெளிச்ச உணர்திறன்) ஓட்டோவில் விட்டு உச்சத்தை 6400 ஆக்குங்கள். 1600 இல் இருட்டாக எடுத்துப் பிறகு கணினியில் வெளிச்சத்தை ஏற்றுவது பலர் விடும் பிழை. 3200 இல் சரியாக எடுத்ததைவிடப் படம் அழுக்காகவே வரும். றோ கோப்பாக (சென்சர் பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பு) எடுத்தால் இலைப் பச்சை வயிற்றில் தெறித்ததையும் பிறகு சரிசெய்யலாம்.

போலரைசரை (பளபளப்பைக் குறைக்கும் வடிகண்ணாடி) கழற்றிவிடுங்கள், அது ஒன்றரை ஸ்டொப் வெளிச்சத்தைத் தின்னும்; ஒரு ஸ்டொப் குறைந்தாலே வெளிச்சம் பாதியாகும். கூட்டுக்குக் கிட்ட ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம்.

மாரி ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்கும். தோல் பையில் வைக்காமல், துடைத்துக் காயவிட்டு, சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான பிளாஸ்ரிக் பெட்டிக்குள் வையுங்கள்.