பழைய போல்ட்டை மாதிரியாக வைத்துப் புதியதைத் தேடாதீர்கள்

போர் விமானக் கருவி ஒன்றிலிருந்து கழற்றிய போல்ட் கையில் இருக்கிறது. அதே தடிமன், அதே நீளம் பார்த்து இன்னொன்றை எடுப்பதுதான் இந்த வேலையின் முதல் தவறு. பழையதே தவறானதாக இருக்கலாம் அல்லவா? 1990 ஜூன் 10 அன்று பிரிட்டனில் பிஏசி 1-11 பயணிகள் விமானத்தின் முன்கண்ணாடி நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. அதைப் பிடித்திருந்த 90 போல்ட்களில் 84 விட்டத்தில் 0.026 அங்குலம் சிறியவை, மீதி 6 நீளத்தில் குட்டை. அதற்கு முன் கழற்றிய பழையவற்றிலேயே பெரும்பாலானவை குட்டைதான். அவற்றுக்கு ஜோடி தேடிக் கண்ணளவில் எடுத்ததால் வந்த வினை அது.

பாக எண்ணை எடுக்க வேண்டிய இடம் அந்த விமானத்துக்கான படப் பாகப் பட்டியல், அதாவது ஒவ்வொரு பாகத்தையும் படத்தோடும் எண்ணோடும் காட்டும் கையேடு. உங்கள் விமானத்தின் வரிசை எண்ணுக்கு அந்த வரி பொருந்துகிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது பாக எண்ணைப் படிப்பது. ஏஎன், என்ஏஎஸ், எம்எஸ் என்பவை அமெரிக்க விமானப் பாகத் தரங்களின் முன்னெழுத்துகள். ஏஎன்4-7ஏ என்றால் 4/16, அதாவது கால் அங்குல விட்டம், சுமார் 7/8 அங்குல நீளம். கடைசி ‘ஏ’ தண்டில் காட்டர் பின் (நட் கழலாமல் குறுக்கே செருகும் பிளவுக் கம்பி) துளை இல்லை என்கிறது. 7-க்குப் பிறகு 8, 9 கிடையாது; 10 என்றால் 1 அங்குலம், 11 என்றால் ஒன்றே அரைக்கால். என்ஏஎஸ்6204-8 வேறு கணக்கு. விட்டம் அதே கால் அங்குலம்தான், ஆனால் சிறு கோட்டுக்குப் (-) பின் வரும் 8 மொத்த நீளத்தை அல்ல, கிரிப் நீளத்தை 1/16 அங்குலங்களில் சொல்கிறது: அரை அங்குலம். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம்.

கிரிப் என்பது மரை (திருகுப் புரி) இல்லாத தண்டுப் பகுதி. அது குறைந்தால் துளைக்குள் மரை நின்று சுமை தாங்கும், துளை தேயும். கூடினால் நட் மரையின் முடிவில் முட்டி நின்றுவிடும். முறுக்குவிசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் ‘டிக்’ என்னும், இணைப்போ தளர்வாகவே இருக்கும். சிறிய வித்தியாசத்தை வாஷரால் சரிசெய்யலாம்: என்ஏஎஸ்1149எஃப்0463பி 0.063 அங்குலத் தடிமன், 0432பி அதில் பாதி.

மரையிலும் ஒரு பொறி உண்டு. சாதாரண போல்ட்களில் வருவது யுஎன் மரை, உயர்வலிமை போல்ட்களில் வருவது யுஎன்ஜே மரை. வெடிப்பு தொடங்காதிருக்க அதன் அடிப்பள்ளத்தைப் பெரிய ஆரத்தில் வளைத்திருப்பார்கள். சாதாரண யுஎன் நட்டின் முகடு அந்த வளைவில் இடிக்கும். யுஎன்ஜே நட்டில் யுஎன் போல்ட் போகும், யுஎன் நட்டில் யுஎன்ஜே போல்ட் போகாது.

நட்டை வெப்பம் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். நைலான் வளையம் உள்ள எம்எஸ்21044-க்கு வரம்பு 121 டிகிரி செல்சியஸ், முழு உலோக எம்எஸ்21042-க்கு 232. போல்ட்டே சுழலக்கூடிய இணைப்பில் இரண்டும் வேண்டாம், அங்கே காட்டர் பின்னோடு கோட்டை நட்தான் (பின் நுழைய மேல் விளிம்பில் வெட்டுகள் உள்ள நட்).

காட்மியம் முலாம் அலுமினியத்தோடு ஒத்துப்போகும், அதனால்தான் எங்கும் பார்க்கிறோம். டைட்டானியத்தின் மேல், அதுவும் சூடான இடத்தில், அதே காட்மியம் வெடிப்பை உண்டாக்கும். உயர்வலிமை எஃகுக்கு முலாம் பூசும்போது ஹைட்ரஜன் உள்ளே புகுந்துவிடுகிறது. பூசிய சில மணி நேரத்துக்குள் சுமார் 190 டிகிரியில் பல மணி நேரம் சுட்டால்தான் வெளியேறும். அந்தப் படியைத் தவிர்த்த போல்ட் முறுக்கிய அன்று நன்றாக இருக்கும், சில நாளில் தானாக உடையும். கண்ணுக்கு எதுவும் தெரியாது. எனவே சான்றிதழில் முலாமும் சூடேற்றமும் லாட் எண்ணோடு (தயாரிப்புத் தொகுதியின் எண்) இருக்கிறதா என்று பாருங்கள்.

ராணுவக் கிடங்கில் 13 இலக்க நேட்டோ இருப்பு எண்ணைக் கொண்டு தேடலாம். முதல் நான்கு இலக்கம் வகை: 5306 போல்ட், 5310 நட்டும் வாஷரும், 5320 ரிவெட். அடுத்த இரண்டு நாடு: 00, 01 அமெரிக்கா, 72 இந்தியா. ஒரே இருப்பு எண்ணின் கீழ் பல தயாரிப்பாளர்களின் பாக எண்கள் இருக்கலாம். ஆகவே வந்த பொருளின் பாக எண்ணைப் பட்டியலோடு மறுபடி ஒப்பிட வேண்டும். தலைக்குறியையும் பாருங்கள்: ஏஎன் வகையில் ஒரு கோடு துரு ஏறாத எஃகு, இரண்டு கோடு அலுமினியம். பை பிரிந்து லாட் எண் தெரியாமல் கிடப்பது எவ்வளவு மின்னினாலும் ஒதுக்கித் தனிப்பெட்டியில் போடுங்கள்.