பெங்களூரில் வேலையில்லாதவர் படிக்கப் போனால்: யுவநிதியா, எஸ்.எஸ்.பி.யா?

பட்டம் முடித்து வேலை கிடைக்காதவர்கள் பெங்களூரில் முதலில் விசாரிப்பது யுவநிதியைத்தான், அதாவது வேலையில்லாதவர்களுக்குக் கர்நாடக அரசு கொடுக்கும் உதவித்தொகையை. பட்டதாரிக்கு மாதம் 3,000 ரூபாய், டிப்ளமோவுக்கு 1,500, அதிகபட்சம் இரண்டு ஆண்டுகள். தேறி 180 நாள் வேலையில்லாமல் இருக்க வேண்டும். கர்நாடகத்தில் ஆறு ஆண்டுகளாவது படித்திருக்க வேண்டும். ஓசூரில் படித்துவிட்டு இங்கே அறை எடுத்துத் தங்கியிருப்பவருக்கு இது கிடைக்காது.

ஆனால் எம்.காம்., எம்.பி.ஏ. என்று மேற்படிப்பில் சேர்ந்தால் யுவநிதி போய்விடும். யுவநிதியையும் படிப்பு உதவித்தொகையையும் சேர்த்து வாங்கலாம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். வேலையிலும் இல்லை, படிக்கவும் இல்லை என்று கர்நாடக அரசின் சேவா சிந்து இணையதளத்தில் உறுதிமொழி கொடுப்பது நீங்கள்தான். பொய்யென்று தெரிந்தால் வாங்கியதைத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும். அந்த உறுதிமொழியை ஒருமுறை கொடுத்தால் போதாது, தவணை தவறாமல் புதுப்பிக்க வேண்டும். மறந்தால் பணம் நிற்கும்.

படிப்புதான் என்று முடிவெடுத்தால் போக வேண்டிய இடம் எஸ்.எஸ்.பி., அதாவது மாநில உதவித்தொகைத் தளம். இதற்கு சாதி, வருமானச் சான்றிதழ்களின் ஆர்.டி. எண், அதாவது அவற்றில் அச்சிட்டிருக்கும் அடையாள எண், வேண்டும். கொடுப்பது நாடகச்சேரி. (நாடகமும் இல்லை, கச்சேரியும் இல்லை, வருவாய்த்துறை அலுவலகம்.) தமிழ்நாட்டுத் தாசில்தார் கொடுத்த சாதிச் சான்றிதழில் அந்த எண் கிடையாது என்பதால் இங்கே ஏறாது. அப்பாவுக்கு வேலை போயிருந்தால் வருமானச் சான்றிதழைப் புதிதாக எடுங்கள். பழையதில் பழைய சம்பளமே நிற்கும். பட்டியல் சாதி மாணவருக்கான பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய (போஸ்ட் மெட்ரிக்) உதவித்தொகைக்குப் பெற்றோர் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. மதிப்பெண் பட்டியலையும் படிப்புச் சான்றையும் கல்லூரியில் கொடுத்து, அவர்கள் சரிபார்த்து இணையத்தில் தரும் மின்சான்றை வாங்கிய பிறகே விண்ணப்பத்தை முடிக்க முடியும். இதைக் கடைசி வாரத்துக்கு வைத்தால் கல்லூரி எழுத்தரின் மேசையிலேயே தேதி முடிந்துவிடும்.

நம்மவர்கள் அதிகம் மாட்டுவது இனிஷியலில். எஸ்.எஸ்.எல்.சி. பட்டியலில் 'குமார் எஸ்', ஆதாரில் 'குமார் செல்வராஜ்', வங்கியில் 'எஸ் குமார்'. நமக்கு ஒரே ஆள், கணினிக்கு மூன்று பேர். மதிப்பெண் பட்டியலைத் திருத்துவது நீண்ட வேலை. ஆதாரை அதற்கு ஏற்ப மாற்றுவது எளிது. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம் என்பதால், எழுத்துக்கு எழுத்து, இடைவெளி உட்பட, சரிபார்த்துவிட்டுக் கொடுங்கள்.

அடுத்த வில்லங்கம் வங்கிக் கணக்கு. விண்ணப்பத்தில் நீங்கள் எழுதிய கணக்குக்குப் பணம் வரும் என்று காத்திருக்காதீர்கள். ஆதாருடன் கடைசியாக எந்தக் கணக்கு என்.பி.சி.ஐ.யில் (வங்கிகளுக்கு இடையே பணம் மாற்றும் தேசிய அமைப்பு) இணைந்திருக்கிறதோ அங்கேதான் போகும். பழைய வேலையில் திறந்த சம்பளக் கணக்கு அதுவாக இருந்து, இப்போது முடங்கியிருந்தால் பணம் திரும்பிப் போய்விடும். எந்த வங்கி இணைந்திருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்தில் ஓ.டி.பி. போட்டுப் பார்க்கலாம்; மாற்ற வேண்டுமென்றால் புதிய வங்கியில் படிவம் கொடுத்து மாற்றலாம்.