வாசல் மேசை

நான் 1998-ல் வேலைக்குச் சேர்ந்தபோது கேஷுவாலிட்டி நர்ஸ் என்றால் டாக்டர் கேட்டதை எடுத்து நீட்டுகிறவள். அவர் வரும்வரை பிரஷர் பார்த்துவிட்டு, "இருங்க, வந்துருவாரு" என்று சொல்லிக்கொண்டு நிற்போம். விபத்து, அவசர சிகிச்சைக்கான டி.ஏ.இ.ஐ. திட்டம் வந்தபின் வாசலிலேயே ட்ரையேஜ் மேசை, யாரை முதலில் பார்க்கணும் என்று பிரிக்கிற இடம். வருகிறவர் உடனே பார்க்க வேண்டிய சிவப்பா, அடுத்த நிலை மஞ்சளா, காத்திருக்கக்கூடிய பச்சையா என்று முதலில் சொல்வது இப்போது நாங்கள்தான்.

போன மாதம் ஒரு விடிகாலை, மணி நாலரை. திருமங்கலம் பக்கம் மல்லிகை பறிக்கப் போன அக்காவை 108-ல் கொண்டுவந்தார்கள். கணுக்காலில் கடி. அதற்கு மேலே சேலைக் கிழிசலால் இறுக்கிக் கட்டு. "கண்ணாடி விரியன்தான் சிஸ்டர், நானே பாத்தேன்" என்கிறார் வீட்டுக்காரர். யார் பார்த்திருந்தாலும் ரத்தம் என்ன சொல்கிறதோ அதுதான் கணக்கு. காய்ந்த கண்ணாடி டியூபில் 2 மில்லி ரத்தம் எடுத்து 20 நிமிஷம் அசையாமல் வைக்கணும். பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்கணும். உறையாமல் ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது. டியூபை சோப்புப் போட்டுக் கழுவியிருந்தால் நல்ல ரத்தமே உறையாது, பிளாஸ்டிக்கும் ஏமாற்றும். அதனால் புது டியூபுகளைத் தனி டப்பாவில் வைத்திருக்கிறேன். அதில் கை வைக்கும் ட்ரெயினிப் பிள்ளைகளுக்கு என்னிடம் வசவு உறுதி.

கட்டை அவிழ்க்கச் சொல்லி அக்கா அழுகிறார். டாக்டர் பக்கத்தில் நிற்காமல் சட்டென்று அவிழ்க்கக் கூடாது, தேங்கின விஷம் மொத்தமாக ஏறிவிடும். பேச்சுக் கொடுத்துக்கொண்டே கையில் மருந்து ஏற்றும் வென்ஃப்ளான் ஊசிக்குழாய் போட்டேன்.

அதற்குள் ஒருவர் நடந்தே வந்தார். "வாய்வும்மா, ஒரு ஜெலுசில் குடுங்க." சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. நெஞ்சுவலிக்கு 10 நிமிஷத்துக்குள் ஈ.சி.ஜி. எடுக்கணும். ஓ.பி. சீட்டுக்கூடக் கேட்காமல் படுக்க வைத்தேன். அட்டாக்தான்.

கால் விரலில் கல் தடுக்கி வந்த பையனின் மாமாவுக்கு இது பொறுக்கவில்லை. "நாங்கதான் மொதல்ல வந்தோம். முடிவு பண்றதுக்கு நீ யாரு?" பச்சை என்றதும், "நாங்க எந்தக் கட்சின்னு தெரியுமா?" என்று எகிறினார். சிரிப்பை அடக்கப் பெரும்பாடு.

டியூபைச் சாய்த்தேன். தண்ணீராக ஓடியது. விஷமுறிவு மருந்து 10 வயல் எடுத்து அடுக்கியாச்சு, ஆனால் டாக்டர் எழுதாமல் ஏற்ற முடியாது. தனிப் படிப்பு முடித்த நர்சுகள் இங்கிலாந்தில் 2006 முதல் ஏறக்குறைய எல்லா மருந்தும் எழுதுகிறார்கள். எனக்கு அந்த ஆசை இல்லை. அந்த மருந்துக்கு அலர்ஜி வந்தால் நொடியில் ஆளைச் சாய்த்துவிடும், டாக்டர் கூடவே வேண்டும். என் ஆதங்கம் வேறு. மேசை போட்டார்கள், ஆள் போடவில்லை. மாமாக்களுக்குப் பதில் சொல்வதும், டியூபுக்கு மணி பார்ப்பதும் ஒரே ஆள்.

விடிந்ததும் அக்காவின் மடியை அவிழ்த்தால் அரைக்கிலோ மொட்டு. கூட்ட வந்த அம்மா அள்ளிக் கவரில் போட்டுக்கொண்டே, இன்றைக்கு மாட்டுத்தாவணியில் பூ என்ன விலை என்று அவரிடமே விசாரித்தார்.