காமிகெட்டில் ஒரு மேசை

கடந்த டிசம்பர் கடைசியில் டோக்கியோ பிக் சைட் கண்காட்சி வளாகத்தில் நடந்த காமிக் மார்க்கெட் என்னும் சித்திரக்கதைச் சந்தைக்கு முதன்முறையாகப் போய்வந்தேன். ஷின்கிபாவில் ரின்காய் ரயில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம். இறங்கியபின் வழி கேட்கத் தேவையில்லை, கூட்டம் போகும் திசையிலேயே நடந்தால் நான்கு பிரமிடுகளைக் கவிழ்த்து வைத்தது போன்ற அந்தக் கட்டடம் எதிரே நிற்கும். ஆகஸ்டிலும் டிசம்பரிலுமாக ஆண்டுக்கு இருமுறை கூடும் இந்த நிகழ்வை எல்லோரும் ‘காமிகெட்’ என்றே சொல்கிறார்கள்.

படங்களில் அதிகம் வருவது கதாபாத்திரங்களைப் போல உடுத்திவரும் காஸ்பிளே வேடங்களும், அனிமே என்னும் ஜப்பானிய அசைபட நிறுவனங்களின் கடைகளும்தான் என்பதால் அவற்றையே எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவையும் உண்டு. ஆனால் காமிகெட்டின் உயிர் தோஜின்ஷி மேசைகளில் இருக்கிறது. பதிப்பகம் எதையும் நாடாமல் ரசிகர்கள் தாமே எழுதி, வரைந்து, அச்சிட்டுக் கொண்டுவரும் புத்தகமே தோஜின்ஷி. அதை உருவாக்கி விற்கும் குழுவுக்கு ‘சர்க்கிள்’ என்று பெயர். அது பத்துப் பேர் கொண்டதாக இருந்தாலும் ஒரே ஆளாக இருந்தாலும், பொதுவாகக் கிடைப்பது நீள மேசையில் பாதி, அதாவது 90 செ.மீ. அகலம்.

1975-இல் மங்கா என்னும் ஜப்பானியச் சித்திரக்கதைகளுக்கான வேறொரு மாநாடு, தன்னை விமர்சித்த ரசிகர் ஒருவரை உள்ளே விட மறுத்தது. அதை எதிர்த்து எழுந்தவர்களில் யோனேஸாவா யோஷிஹிரோ முதலியோரின் ‘மெய்க்யூ’ குழுவும் ஒன்று; எவருக்கும் கதவடைக்காத ஓர் இடம் வேண்டும் என்று அவர்கள் அதே ஆண்டு டிசம்பர் 21 அன்று கூட்டிய முதல் காமிகெட்டில் 32 சர்க்கிள்களும் சுமார் 700 பேரும் கலந்துகொண்டார்கள். 2019 டிசம்பரில் நான்கு நாள்களில் வந்தவர்கள் ஏறத்தாழ 7,50,000 பேர். இவ்வளவு வளர்ந்த பின்னும், இங்கே வாடிக்கையாளர் என்று ஒருவரும் இல்லை, விற்பவரும் வாங்குபவரும் தொண்டரும் பங்கேற்பாளர்களே என்னும் கொள்கையை அவர்கள் கைவிடவில்லை. வருவதற்குமுன் இதைப் பற்றிப் படித்தபோது இது வெறும் அலங்காரப் பேச்சாகவே எனக்குத் தோன்றியிருந்தது.

நெரிசல் அவ்வளவாக இல்லாத ஒரு வரிசையில் ஒரு பெண் தனியாக அமர்ந்திருந்தார். பொதுக் குளியலகம் நடத்தும் ஒரு பாட்டியைப் பற்றிய மங்கா. 20 பக்கம்கூட இருக்காது. நகல் எடுத்து, நடுவில் மடித்து, இரண்டு பின் அடித்திருந்தார். பார்க்கலாமா என்று கேட்டதும் இரு கைகளாலும் எடுத்து நீட்டினார். ஜப்பானிய மொழியை எழுத்துக்கூட்டியே வாசிப்பவன் நான். படித்து முடிக்கும்வரை அவர் என் முகத்தைப் பார்க்காமல் மேசை விரிப்பின் சுருக்கத்தை நீவிக்கொண்டே இருந்தார். கடைசிப் பக்கத்தில், எல்லோரும் போனபின் பாட்டி தானே தொட்டியில் இறங்குகிறாள். அங்கே நீராவியை அவர் வரையவேயில்லை. கோடுகள் மெல்ல மெல்ல அறுந்து, வெறும் தாளே ஆவியாகிவிட்டிருந்தது. அதைச் சொன்னேன். அந்தப் பக்கத்தை மட்டும் நான்கு முறை வரைந்ததாகச் சொல்லிவிட்டு, அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். விலை 300 யென். மூன்று நாணயங்களைக் கொடுத்து வாங்கிக்கொண்டேன். வரைந்தவர் எதிரே உட்கார்ந்திருக்க அவருடைய கதையை வாசிப்பது எத்தனை பெரிய பொறுப்பு என்பதை அதற்குமுன் நான் உணர்ந்ததில்லை.

நான்கு மணிக்கு நிறைவு அறிவிப்பு ஒலித்ததும் கூடம் முழுவதும் கைதட்டியது. கைதட்டல் ஓய்வதற்குள் நாற்காலிகளை மடிக்கும் சத்தம் கேட்கத் தொடங்கியது. தொண்டர்களோடு சேர்ந்து, புத்தகம் வாங்க வந்தவர்களும் அவற்றைத் தூக்கிச் சென்று அடுக்கினார்கள். பையை ஓரமாக வைத்துவிட்டு நானும் அந்த வரிசையில் சேர்ந்துகொண்டேன்.