தீன்பிகா: இரண்டு நாடுகள் வெட்டிக்கொள்ளும் நாற்சந்தி

மேற்கு வங்காளத்தில் வங்கதேச எல்லையோரம் இருக்கும் மேக்லிகஞ்சில் இறங்கியதும், தீன்பிகாவுக்குப் போக டோட்டோக்காரர் (டோட்டோ என்றால் பேட்டரி ரிக்‌ஷா) கேட்டது 700 ரூபாய்! வங்காளம் தெரியாதவன் என்று முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது போல. உள்ளூர்க்காரர்கள் ஷேர் டோட்டோவில் சில்லறைக்குப் போகிற தூரம். இழுத்துப் பிடித்து 400-க்கு இறக்கினேன், அதுவும் கொள்ளைதான். கூச்பிஹாரிலிருந்து வந்த பஸ் அதற்கு மேல். கடைசி சீட், மூடாத ஜன்னல், பக்கத்து ஆள் மடியில் உயிருள்ள வாத்து. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அது என் கையைக் கொத்தியது.

தீன்பிகாவைப் பார்த்ததும் கடுப்பெல்லாம் போய்விட்டது. பார்க்க வெறும் நாற்சந்தி. நம் சாலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வங்கதேசத்துக்காரர்களின் சாலை. எல்லைப் பாதுகாப்புப் படை வீரர் டிராஃபிக் போலீஸ் மாதிரி கைகாட்டி எங்களை நிறுத்தினார். எதிரே நெல் மூட்டையோடு ஒரு வண்டி, பின்னாலேயே சைக்கிளில் பள்ளிப் பிள்ளைகள். பாஸ்போர்ட் கிடையாது, விசா கிடையாது, நம் மண்ணைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுடைய தஹாகிராம்-அங்கர்போத்தா நம் நிலத்துக்கு நடுவே மாட்டிக்கொண்டிருக்கிறது. சொந்த நாட்டுக்குப் போக இந்தச் சுமார் 178 மீட்டர்தான் வழி. 1992-ல் குத்தகைக்கு விட்டபோது பகலில் மட்டும், அதுவும் மணிக்கணக்கு பார்த்துத் திறந்தார்கள். 24 மணி நேரமும் திறந்தது 2011-ல். அதுவரை ராத்திரியில் பிரசவ வலி எடுத்தவர்கள் என்ன செய்தார்களோ.

இப்படிப்பட்ட திட்டுகளுக்கு இங்கே சிட்மஹால் என்று பெயர். 2015 வரை அந்தப் பக்கம் நம்முடையவை 111, இந்தப் பக்கம் தஹாகிராமைத் தவிர அவர்களுடையவை 51. ராஜாக்கள் சதுரங்கத்தில் கிராமங்களைப் பணயம் வைத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. சும்மா கதை, ஆனால் பழைய வரைபடத்தைப் பார்த்தால் நம்பத் தோன்றும். நம் திட்டுக்குள் அவர்கள் திட்டு, அதற்குள் மறுபடியும் நம் வயல்!

திட்டுகளை மாற்றிக்கொள்ளலாம் என்ற தீர்வு 1974-லேயே தயார். இந்திரா காந்தியும் முஜிபுர் ரஹ்மானும் கையெழுத்துப் போட்டார்கள், வங்கதேசம் அதே வருடம் ஒப்புதல் தந்தது. நாம்தான் 41 வருடம் இழுத்தோம். நிலத்தை விட்டுக்கொடுக்க அரசியல் சட்டத் திருத்தம் வேண்டும் என்று, பாகிஸ்தானுக்குத் தருவதாக இருந்த வங்காள எல்லைப் பகுதியான பெருபாரி விவகாரத்தில் 1960-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அந்த நூறாவது திருத்தம் 2015-ல்தான் வந்தது. அதே 1974-ல் கச்சத்தீவு ஒப்பந்தத்துக்கு மட்டும் திருத்தமே வேண்டியிருக்கவில்லை, அது சர்ச்சைக்குரிய இடம்தானாம். வாயில் வருவதை இங்கே எழுத முடியாது.

மறுநாள் தின்ஹாட்டா பக்கம் மஷால்டாங்கா. அதுவரை அவர்கள் திட்டாக இருந்து, 2015 ஜூலை 31 நள்ளிரவில் இந்தியாவான ஊர். டீக்கடையில் ஒருவர் தன் பள்ளிச் சான்றிதழைப் பற்றிச் சொன்னார். அதில் அப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பக்கத்து இந்தியக் கிராமத்துக்காரர் பெயர். திட்டுக்காரரான நிஜ அப்பா பெயரைச் சொன்னால் அப்போது இந்தியப் பள்ளியில் இடம் கிடைக்காது. 2016-ல் முதல் ஓட்டு போட்டாயிற்று, சான்றிதழில் இன்னும் அந்த அந்நியர்தான் அப்பா.

செலவுக் கணக்கு எழுத உட்கார்ந்து எங்கேயோ போய்விட்டேன். கூச்பிஹாரில் அறை 800, கொசுவலை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தின்ஹாட்டாவில் கடுகு எண்ணெயில் செய்த ரூய் மீன் குழம்போடு சாப்பாடு 100-க்குள். இரண்டாவது முறை சோறு கேட்டாலும் முகம் சுளிக்கவில்லை.