மீன்பெட்டி வண்டிக் கைப்பிடி எங்கே முறியும்: கணக்கும் சோதனையும்

ராமேசுவரம் அருகே மண்டபம் ஊர்க் கரையில் வள்ளத்திலிருந்து ரோட்டுக்குப் பெட்டி இழுக்கும் வண்டியில், கைப்பிடிக் குழாய் குறுக்குக் குழாயோடு 'டி' வடிவில் சேருகிறது. அந்த மூட்டு எந்தச் சுமையில், எந்த இடத்தில் போகும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு, மாதிரி மூட்டில் மணல் மூட்டை தொங்கவிட்டுப் பார்த்தோம்.

கைப்பிடி 33.7 மி.மீ. விட்டம், 2.6 மி.மீ. சுவர். குறுக்குக் குழாய் 48.3 மி.மீ., சுவர் 2.9. இரும்பு நிரந்தரமாக வளையத் தொடங்கும் தகைவு (ஒரு சதுர மி.மீ. மீது விழும் விசை) 210 நியூட்டன்/ச.மி.மீ. என்று குறைத்தே எடுத்தோம்.

முதலில் வெல்டு. 6013 வகை வெல்டிங் ராடு அறும் தகைவு 410 என்றால், வெல்டின் கால் (குழாய்மேல் வெல்டு படியும் அகலம்) 3 மி.மீ. இருக்கும்போது ஒரு மி.மீ. நீளம் 497 நியூட்டன் தாங்கும். கைப்பிடிக் குழாயின் சுவருக்கோ 546. அதனால் கால் 4 மி.மீ. வைத்தோம், 663 வருகிறது. இனி வெல்டு முதலில் விடாது.

கவனிக்க வேண்டியது திசைதான். எஃகு மூட்டுகளுக்கான ஐரோப்பியத் தர விதி ஈஎன் 1993-1-8 தரும் சூத்திரப்படி, கைப்பிடியைப் பக்கவாட்டில் திருப்பினால் மூட்டு 581 நியூட்டன் மீட்டர் (விசை × கைப்பிடி நீளம்) தாங்கும். கைப்பிடிக் குழாயே 529-இல் மடங்கிவிடும். ஆனால் மேலே தூக்கினாலோ கீழே அழுத்தினாலோ மூட்டு தாங்குவது 370 மட்டுமே. 700 மி.மீ. நீளக் கைப்பிடி நுனியில் அது வெறும் 54 கிலோ. சக்கரம் மணலில் புதைந்தால் ஆள் முழு எடையையும் போட்டு அழுத்துவது இந்தத் திசையில்தான்!

சோதனையிலும் அப்படியே நடந்தது. கீழே அழுத்தியபோது குறுக்குக் குழாயின் சுவர் ஒருபுறம் உள்வாங்கி, மறுபுறம் புடைத்தது. கீறல் விழுந்தது புடைத்த பக்கத்தில், வெல்டு குறுக்குக் குழாயைத் தொடும் ஓரத்தில். வெல்டைப் பெருக்கி இதைச் சரிசெய்ய முடியாது. இந்தத் திசையில் பலம் குறுக்குக் குழாய்ச் சுவரின் வர்க்கத்தோடு ஏறுகிறது: 2.9-ஐ 4 மி.மீ. ஆக்கினால் 1.9 மடங்கு. அப்போது கைப்பிடிதான் முதலில் வளையும். வளைவது கண்ணுக்குத் தெரியும், அதனால் இதுவே நல்லது.

வெல்டிங்குக்கு 2.5 மி.மீ. ராடு, 70–80 ஆம்ப். கடல் காற்றில் ராடு ஈரம் பிடிக்கும், வெல்டில் ஓட்டை விழும். 100 டிகிரியில் ஒரு மணி நேரம் காய வைக்கவும். துத்தநாகப் பூச்சு இருந்தால் மூட்டைச் சுற்றி 25 மி.மீ. கிரைண்டரில் எடுத்துவிட வேண்டும். பூச்சு எரிந்து வரும் புகையைச் சுவாசிக்கக் கூடாது. மூட்டின் நான்கு முனைகளிலும் (மேல், கீழ், இரு பக்கம்) ராடைத் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம், இடைப்பட்ட இடத்தில் நிறுத்துங்கள்.

ஒரே தடவை ஏறும் சுமைக்குத்தான் இந்தக் கணக்கு. திரும்பத் திரும்ப ஆடும் சுமையில் தகைவு இரட்டித்தால் ஆயுள் எட்டில் ஒன்றாகிவிடும். உப்பு அதை இன்னும் குறைக்கும். எனவே வெல்டின் ஓரத்தில் அவ்வப்போது பெயிண்டைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவி, துடைத்துச் சுண்ணாம்புப் பொடி தூவுங்கள். கீறல் இருந்தால் ஈரக் கோடாகத் தெரியும்.